பத்திரிகை பல, கைகள் எத்தனை?

எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் மாணவர் ஒருவர், உயர்தர வகுப்பில் படிப்பவர், சென்ற ஞாயிறு என்னை ஒரு கேள்வியால் மடக்கிவிட்டார். "பத்திரிகைத் துறையில் ஏகபோகம் என்று பெரியவர்கள் குறைப்படுகிறீர்கள். சந்திக் கடையில் தொங்கும் பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தீர்களா, ஐயா? மூன்று மொழியிலும் எத்தனை எத்தனை! இத்தனை பேர் பேசும் இடத்தில் ஏகபோகம் எப்படி வரும்?" என்றார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் எண்ணியது பெயர்களை. அவற்றை நடத்தும் கைகளை அல்ல. இந்த வேறுபாட்டை விளக்குவதற்குக் கொழும்பு லேக் ஹவுஸின் கதையை விடச் சிறந்த பாடம் நம் நாட்டில் இல்லையென்பதால், அன்று மாலை முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டரான டி. ஆர். விஜயவர்தன, சுயாட்சி இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். அக்காலத்தில் செல்வாக்கு மிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் ஐரோப்பியர் வசமிருந்தன. நம் நாட்டவர் குரலுக்கு ஓர் இடம் வேண்டுமென்று கருதியே அவர் இத்துறையில் இறங்கினார். 1914இல் 'தினமின'வை வாங்கினார். 1918இல் 'சிலோன் டெய்லி நியூஸ்' தொடங்கினார். 1834இலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'ஒப்சேவர்' 1923இல் அவர் கைக்கு வந்தது. 1932இல் தமிழருக்குத் 'தினகரன்' பிறந்தது. பிறர் ஆதிக்கத்தை உடைக்கப் புறப்பட்டவர், இருபது ஆண்டுக்குள் தாமே மும்மொழிக்கும் அதிபதியாகிவிட்டார்.

இதில் சூழ்ச்சி ஏதும் இருந்ததாக எண்ண வேண்டியதில்லை. அச்சியந்திரம் யானையைப் போன்றது. வாங்குவதைவிடத் தீனி போடுவதே கடினம். காலைப் பத்திரிகையை மட்டும் அச்சிட்டால் பகலெல்லாம் அது சும்மா கிடக்கும். மாலைப் பத்திரிகை ஒன்று இருந்தால் அதே யந்திரம் மீண்டும் சுழலும். ஒரு நிருபர் கொண்டுவரும் செய்தி மூன்று மொழிக்குப் பயன்படும். காகிதத்தை மொத்தமாக வாங்கலாம். ஒரே வண்டியில் எல்லாக் கட்டுகளும் புகையிரத நிலையத்துக்குப் போய்விடும். சவர்க்காரம் விற்கும் வியாபாரிக்கும் ஒரே காரியாலயத்தில் பணம் கட்டிச் சிங்களவர், தமிழர், ஆங்கிலம் படித்தோர் மூவரையும் எட்டிவிடுவது வசதி. இவ்வளவு வசதியும் உள்ள நிறுவனத்தோடு ஒற்றைப் பத்திரிகைக்காரர் எத்தனை நாள் போட்டியிட முடியும்? தமிழ் வாசகருக்கு 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய 'வீரகேசரி' எதிர்த்தட்டாக நின்றது நம் நல்ல காலம். ஒரு செய்தியை இரண்டு விதமாகப் படிக்கும் வாய்ப்பு நம் தந்தையருக்கு இருந்தது.

லேக் ஹவுஸில் பணிபுரிந்தோர் அனைவரும் முதலாளியின் குரலையே எதிரொலித்தனர் என்று சொல்வதும் அநியாயமாகும். இடதுசாரிச் சிந்தனையாளரான கைலாசபதி 'தினகரன்' பத்திராதிபராக இருந்த காலத்தில், ஈழத்து எழுத்தாளர் பலருக்கு அதன் பக்கங்களே மேடையாயின. ஆனால் அரசியலுக்கு வரும்போது நிலைமை வேறு. ஜே. ஆர். ஜயவர்தன, விஜயவர்தனவின் சகோதரியின் மகன். 1950இல் விஜயவர்தன காலமான பின்னர் நிறுவனத்தை நடத்துவதில் முக்கிய பங்கு வகித்த எஸ்மண்ட் விக்கிரமசிங்க, அவருடைய மருமகன். ரணில் விக்கிரமசிங்கவின் தந்தை. நாட்டின் பெரிய பத்திரிகை நிறுவனமும் பெரிய கட்சியொன்றின் தலைமையும் இவ்வாறு ஒரே குடும்பத்தின் விருந்து மேசையில் அமர்ந்திருந்தால், எதிர்க்கட்சியினருக்கு உறக்கம் வருமா?

வரவில்லை. 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் லேக் ஹவுஸை எடுத்துக்கொள்ள முனைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் திகதி, ஸீ. பீ. டி சில்வாவும் அவரோடு 13 பேரும் எதிர்ப்பக்கம் போய் அமர, 74க்கு 73 என்று ஒரே வாக்கினால் அரசாங்கம் தோற்றது. ஒரு பத்திரிகை நிறுவனத்தின் மீது கை வைத்ததனால் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது என்றால், அந்நிறுவனத்தின் பலத்தை நீங்களே மதித்துக்கொள்ளலாம்.

1970இல் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். 1973இல் தனிச் சட்டமொன்று நிறைவேறியது. கம்பெனியின் பங்குகளில் 75 சதவீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் வசமாயிற்று. ஏகபோகத்தை உடைத்து, பங்குகளைப் பொதுமக்களிடையே பரவலாக்குவதே நோக்கம் என்று சொல்லப்பட்டது.

மாணவர் இங்கே இடைமறித்தார். "நல்ல காரியந்தானே! மக்கள் வாங்கினார்களா?"

இல்லை. பங்குகள் மக்களிடம் வந்து சேரவில்லை. ஒரு குடும்பத்தின் கையிலிருந்தது அரசாங்கத்தின் கைக்கு மாறியது, அங்கேயே தங்கிவிட்டது. 1977இல் பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? விஜயவர்தனவின் அதே மருகர், ஜே. ஆர். ஜயவர்தன. அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 1973இல் அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த கட்சி. பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு பலம் கையிலிருந்தும் அவர் நிறுவனத்தைப் பரவலாக்கவுமில்லை, தம் உறவினரிடம் திருப்பிக் கொடுக்கவுமில்லை. கிடைத்த ஆயுதத்தைக் கீழே வைக்க எந்தச் சேனாதிபதிக்கு மனம் வரும்? 1994இல் பதவியேற்றவர்களும் உடைமையைப் பரவலாக்குவோம் என்றே வந்தார்கள். தேர்தல் வரும்போதெல்லாம் அரசாங்கப் பத்திரிகைகளும் ஒலி, ஒளிபரப்பும் ஆளுவோர் பக்கம் சாய்கின்றன என்று கண்காணிப்பாளர் எழுதுவதும், அவ்வறிக்கைகள் அலுமாரிக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது.

எனவே அன்றைய எதிர்க்கட்சியினர் நோயைச் சரியாகவே கண்டார்கள் என்பேன், மருந்துதான் தவறியது. ஒரு கையில் பல பத்திரிகை இருப்பது ஆபத்தானால், அந்தக் கையை மாற்றுவதால் ஆபத்து எப்படி நீங்கும்? தனி முதலாளியையாவது அரசாங்கம் கேள்வி கேட்கலாம். அரசாங்கமே முதலாளியானால் கேட்பவர் யார்? இதைச் சொல்லும்போது தனியாருக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். அரசாங்கம் ஒரு பக்கம் பெருத்திருக்க, மறுபக்கத்தில் பெரிய தனியார் நிறுவனங்களும் வளர்ந்தன. 1981இல் உபாலி நிறுவனத்தின் பத்திரிகைகள் வந்தன. விஜயவர்தனவின் மகன் ரஞ்சித் விஜயவர்தன புதிய நிறுவனம் அமைத்து 1987இல் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையை வெளியிட்டார். தொலைக்காட்சியிலோ சிரச, சக்தி, டிவி வன் என மும்மொழிக்கு மூன்று அலைவரிசைகள், ஒரே மகாராஜா நிறுவனத்தின் கூரையின் கீழ். 1932இல் ஏரிக்கரையில் கண்ட அதே அமைப்பு, காகிதம் மட்டும் இல்லை.

புதிதாக ஒருவர் நுழைவது அன்றைப் போலவே இன்றும் அரிது. அதனாற்றான் சிறு ஊர்ப் பத்திரிகை ஒன்று மூடப்படும்போது எனக்கு வருத்தம் மிகுதி. கிணற்று நீர் உவராவதையும் கிராமப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாததையும் முதற் பக்கத்தில் போட, தலைநகரின் பெரிய நிறுவனத்துக்கு எப்போதும் இடம் கிடைப்பதில்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் ஓர் உடைமையாளர் உண்டு. அதை அந்த மாணவரே நினைவூட்டினார். நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். பிறகு, பத்திரிகையின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயரும் முகவரியும் இருப்பதைக் காட்டினேன். அவர் அதுவரை அதைப் படித்ததில்லையாம். உடனே கொப்பியொன்றை எடுத்து, பக்கத்தை இரண்டாகக் கோடிட்டார். இடப்பக்கம் பத்திரிகையின் பெயர், வலப்பக்கம் உடைமையாளர் பெயர். மறுநாள் காலை சந்திக் கடைக்காரர் பொறுமையிழந்து, "தம்பி, வாங்கப் போகிறீரா, எழுதப் போகிறீரா?" என்று கேட்டாராம். அதற்குள் இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கத்தில் அதே ஐந்தாறு பெயர்களையே திரும்பத் திரும்ப எழுதிக் கை வலிப்பதாக என்னிடம் வந்து சொன்னார்.