கூடின பிளான் எடுக்க முதல் ஐந்து விநாடியை எண்ணிப் பாருங்கள்

"தம்பி, இன்ரநெற் சரியான ஸ்லோ. அவங்களிட்ட கேட்டனான், கூடின பிளானுக்கு மாறினா சரிவரும் எண்டு சொல்லுறாங்கள்."

போன மாதம் அப்பா எடுத்த போன் இது. இப்படியான போன் உங்களுக்கும் வந்திருக்கும். புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள்தானே ஐடி பிரிவு.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அப்பாவின் பழைய லினக்ஸ் லப்டொப்பில் கோயிலின் இணையத்தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு பக்கம் முழுதும் சட்டென்று வருகிறது. அதே வைஃபையில் என் போனில் உடனே திறக்கிறது.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. லைன் மெதுவென்றால் போனிலும் இழுபடும். இங்கே பக்கம் இறங்குவதில் தாமதம் இல்லை, தொடங்குவதில்தான் தாமதம்.

பயர்பொக்ஸில் எஃப்12 அழுத்தி, நெட்வேர்க் பகுதியில் ஒரு வரியைத் தொட்டு, டைமிங்ஸ் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிரித்துக் காட்டும். டிஎன்எஸ் என்ற வரியில் 5 விநாடி நின்றது.

பிரௌசருக்குத் தளத்தின் பெயர் போதாது, எண் முகவரி வேண்டும். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தருவது டிஎன்எஸ். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை. அதன் அடிப்படை இன்றும் அதுதான். அந்தக் கேள்வியும் பதிலும் பெரும்பாலும் சில நூறு பைட்டுகளுக்குள் முடிந்துவிடும். ஆகவே நீங்கள் 1 கிகாபிட் லைன் எடுத்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் பேசாமல் இருந்தால் அதே ஐந்து விநாடிதான்.

அப்பாவின் லப்டொப்பில் இரண்டு டிஎன்எஸ் முகவரிகள் கையால் எழுதப்பட்டிருந்தன. முதலாவது, அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய இணைய நிறுவனத்தினுடையது. அது இப்போது பதிலே தருவதில்லை. லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவது முகவரியைக் கேட்கும். கிடைத்த பதிலைப் பிரௌசர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பதால் உடனே மறுபடி திறந்தால் வேகமாக இருக்கும். புதிய தளம் என்றால் மறுபடி ஐந்து விநாடி. செய்தித் தளங்கள் இன்னும் மோசம். விளம்பரம், படம், எழுத்துரு என்று பல பெயர்களை அவை தேட வேண்டும்.

அந்த முகவரியை எழுதியது யார்? நான்தான். மூன்று வருடத்துக்கு முன் "வேகமாக்கித் தாறன்" என்று சொல்லிச் செய்த வேலை.

"8.8.8.8 போட்டால் முடிந்தது" என்று சிலர் சொல்வீர்கள். இந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் டிஎன்எஸ் சேவை நடத்துபவருக்கு நீங்கள் தேடும் ஒவ்வொரு தளத்தின் பெயரும் தெரியும். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேயருடையது, 9.9.9.9 சுவிட்சர்லாந்தில் இயங்கும் குவாட்9 என்ற இலாப நோக்கற்ற அமைப்புடையது. எதையும் தெரிவுசெய்யலாம். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். அப்பா அம்மாவின் கணினி என்றால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான் இரண்டு முகவரியையும் அழித்து, ரவுட்டர் தருவதையே எடுக்க விட்டேன். ஐந்து விநாடி போய்விட்டது. செலவு ஒரு சதமும் இல்லை.

எங்கள் பெற்றோர் கூடின பிளானுக்குக் காசு கட்டுவது பேராசையால் இல்லை. எங்கே தாமதம் என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் அவசரத்தில் எதையோ மாற்றிவிட்டு, மறந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இந்த முறை லப்டொப்பின் அடியில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினேன்: என்ன மாற்றினேன், எந்தத் தேதி. அடுத்த முறை வருபவன் நானாகத்தான் இருப்பேன். அவனுக்கும் இது ஞாபகம் இராது.