ஞானப்பல்: கையெழுத்துக்கு முன் எக்ஸ்ரே!

கடைவாயில் வலி. கன்னம் வீங்குகிறது. வாயைத் திறக்க முடியவில்லை.

"ஞானப்பல் குறுக்கே முளைச்சிருக்கு. எடுத்துடணும்" என்கிறார் பல் டாக்டர். வந்தவர் தலையாட்டுகிறார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது? படிப்பதில்லை. டாக்டருக்கும் சொல்ல நேரமில்லை. வெளியே கூட்டம்!

இந்த அவசரம் கூடாது.

உதடு மரத்துப் போகும்

கீழ்த்தாடை எலும்புக்குள் குழாய் மாதிரி ஒரு பாதை இருக்கிறது. அதற்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். நாக்குக்குப் போகும் இன்னொரு நரம்பும் ஞானப்பல்லை ஒட்டித்தான் போகிறது.

பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப் போகும். டீ வழிந்தாலும் தெரியாது. சவரம் செய்யும்போது பிளேடு கீறினாலும் தெரியாது. நாக்கு நரம்பு அடிபட்டால் ருசியும் குறையும்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். கடைசிவரை மரத்தே போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் பல்லின் வேர் நரம்பை ஒட்டி நின்றால் ஆபத்து பல மடங்கு.

நூற்றில் ஒருத்தர்தானே என்பார்கள். அந்த ஒருத்தருக்கு அது நூற்றுக்கு நூறு!

எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும்

முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே முதலில் வேண்டும். நரம்புப் பாதையின் வெள்ளைக் கோடு அறுந்து தெரிந்தாலோ, அந்த இடத்தில் வேர் கறுத்துத் தெரிந்தாலோ எச்சரிக்கை. அப்போது முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாம். வேர் எந்தப் பக்கம், நரம்பு எந்தப் பக்கம் என்று அது சொல்லிவிடும்.

வேர் நரம்போடு ஒட்டியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை அப்படியே விட்டுவிடுவது. வேர் வரை சொத்தை, சீழ் இருந்தால் இது ஆகாது. பின்னாளில் வேர் மேலே நகர்ந்து வந்தால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனாலும் நரம்பு தப்பிக்கும்.

தொல்லை தராத பல்லை எடுக்கத்தான் வேண்டுமா? நோயில்லாத ஞானப்பல்லைத் தொடாதே என்று இங்கிலாந்து சுகாதாரத் துறைக்கு 2000-ம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. அதற்காகத் தொல்லை தரும் பல்லைத் தள்ளிப் போடவும் கூடாது. வயது ஏற ஏற எலும்பு இறுகும். ஆபரேஷன் கஷ்டமாகும்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

ஆபரேஷனால் என்ன பலன், என்ன முக்கிய ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இது. ஆகவே கேள்வி கேட்பது திமிர் அல்ல, உரிமை!

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? இந்தப் பல்லை எடுத்தே ஆகணுமா? வேரை விட்டுவிட்டு எடுக்க முடியுமா?

எடுத்த மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால், "தானா சரியாயிடும்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கையெழுத்து அஞ்சு நிமிஷம் தாமதமானால் குடி முழுகிப் போகாது. கேட்டுவிட்டுப் போடட்டும்!