பச்சை பட்டனும் பத்து மோட்டாரும்

"கரண்டு வந்ததும் எல்லாரும் ஒண்ணா மோட்டாரைப் போட்டா டிரான்ஸ்பார்மர் புகையாம என்ன செய்யும்?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிந்து, வாழையும் பூச்செடியும் வாடி நிற்கும்போது இந்த வசனம் தவறாமல் வரும். "ஓசி கரண்டு கொடுத்தா இப்படித்தான்" என்று இன்னொன்றும் பின்னாலேயே வரும். இரண்டுமே சோம்பேறிப் பேச்சு. கோளாறு விவசாயியின் விரலில் இல்லை, பம்பு செட்டு சுவரில் தொங்கும் பெட்டிக்குள் இருக்கிறது.

அந்த ஸ்டார்ட்டரில் பச்சை, சிவப்பு என இரண்டு பட்டன். பச்சையை அமுக்கினால் உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்டு போய், காந்தமாகி, காண்டாக்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் மோட்டார் ஓடும். கரண்டு போனால் காயில் விட்டுவிடும். கரண்டு திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை மறுபடி அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்த பாதுகாப்பு அது. மோட்டாரில் கை வைத்து வேலை பார்ப்பவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் அல்லவா?

மும்முனைக் கரண்டு நடுராத்திரியில் வந்தால்? பாம்பையும் இருட்டையும் தாண்டிப் போய் பட்டன் அமுக்க எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் ஆட்டோ ஸ்விட்ச் வந்தது. கரண்டு வந்தால் அதுவே பச்சையை அமுக்கிவிடும். இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குறை அந்த ஆட்டோவில்தான். அது பட்டனைத்தான் கவனிக்கிறது, பக்கத்து வயலைக் கவனிப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று, அதில் 7.5 எச்பி மோட்டார் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒவ்வொன்றும் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். பத்தும் சேர்ந்து 120. டிரான்ஸ்பார்மர் தாங்குவது 130 சொச்சம். பிரச்சினையே இல்லை. ஆனால் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், கிளம்பும் சில நொடிகளில் ஏறக்குறைய ஆறு மடங்கு இழுக்கும். பத்தும் ஒரே நொடியில் கிளம்பினால் 720 ஆம்பியர்! வோல்டேஜ் படுத்துவிடும். படுத்த வோல்டேஜில் மோட்டார் வேகம் எடுக்காது, எடுக்காத வரை இழுப்பும் குறையாது. பியூஸ் போகும், இல்லையென்றால் காயில் வேகும். அதே பத்து மோட்டாரை ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள். கடைசி மோட்டார் கிளம்பும்போதுகூட 108-ம் 72-ம் சேர்ந்து 180தான், அதுவும் சில நொடிதான். புது டிரான்ஸ்பார்மர் வேண்டாம், புதுக் கம்பி வேண்டாம், வரிசை இருந்தால் போதும்.

இந்த வரிசை புதுக் கண்டுபிடிப்பா? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனைப் பாருங்கள். அதன் பவர் பட்டன் கரண்டை நேராக இணைப்பதில்லை. உள்ளே இருக்கும் பவர் மேனேஜ்மெண்ட் சிப்பிடம் விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவுதான். கை தவறிப் பட்டதா, நிஜமாக அமுக்கியதா என்று அந்தச் சிப் முதலில் பார்க்கும். பேட்டரியில் போதிய சார்ஜ் இல்லையென்றால் மறுத்துவிடும். பிறகு ஒரு வோல்டேஜ் ஏறி நிலைத்தபின்தான் அடுத்ததைத் திறக்கும். வரிசை தப்பினால் உள்ளே தவறான வழியில் கரண்டு பாய்ந்து சிப்பே சாகலாம் என்பதால் இத்தனை கட்டுப்பாடு.

மேலே மின்வாரியத்திலும் இதே கதைதான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின் தொகுப்பு விழுந்தபோது, படிப்படியாகத்தான் எழுப்பினார்கள். ஆக, மேலே கிரிட்டில் வரிசை உண்டு, கீழே செல்போனிலும் உண்டு. நடுவில் சோறு போடுகிறவனின் கொட்டகையில் மட்டும் "எல்லாரும் ஒண்ணா ஓடு"!

டைமர் வைத்த ஆட்டோ கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் பத்துப் பேரும் அதை ஒரே அளவில் விட்டால், பத்தும் அதே நொடி தாமதித்து, அதே நொடியில் சேர்ந்து கிளம்பும். எல்லாருக்கும் ஒரே தாமதம் என்பது வரிசை ஆகாது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபின் இந்த மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் கரண்டு திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிக் காய்ந்து கிடந்த வயல்களுக்குக் கரண்டு வரும் நொடியில் எல்லா மோட்டாரும் காத்துக்கொண்டுதான் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்தும் அந்த நொடியில்தான்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு தாமதத்தில் கிளம்பும் வசதி இல்லாமல் ஆட்டோ ஸ்விட்ச் விற்கக் கூடாது என்று அரசு விதி போட வேண்டும். இரண்டாவதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரைப் பங்கு போடும் விவசாயிகள் ஒரு நாள் கூடி, எலக்ட்ரீசியனை வைத்து, 30 நொடி, 60 நொடி, 90 நொடி என்று ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டால் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் சிப்புக்குள் எந்த வோல்டேஜ் முதலில் என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்குகிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, அப்பாவின் ஸ்டார்ட்டர் பெட்டியில் டைமர் எத்தனை நொடியில் நிற்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். அப்படியே பக்கத்து வயல்காரரின் பெட்டியையும்.