ஆடிப் பட்டமும் கப் டேயும்

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. புரட்டாதியில் நாலு நாள் வெயில் எறிச்சால் போதும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கிவிடுவார்கள். மெல்பேர்ணில் நான் கண்ட முதல் வசந்தத்தில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

அப்போது லிலிடேல் பக்கம் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற பிரிட்ஜிங் விசா. முருங்கை வைக்க மனம் வரவில்லை. அது காய்க்கிற நேரம் நான் எந்த நாட்டில் நிற்பேனோ? கீரை என்றால் முப்பது நாற்பது நாளில் பிடுங்கிச் சமைத்துவிடலாம். டண்டினோங்கில் இருந்த ஒரு அம்மா தன் பாத்தியில் முற்றவிட்டு எடுத்த சிவப்பு முளைக்கீரை விதையைக் கடதாசியில் சுற்றித் தந்தா. "தம்பி, கவனமாப் போடு, இவ்வளவுதான் இருக்கு." ஊரிலிருந்து விதை எடுப்பிக்க இங்கத்தைய குவாரண்டைன் சட்டம் இலேசில் விடாது (அது சரியான சட்டம்தான் என்பது என் எண்ணம்). அதனால் ஒரு பிடி விதைக்கு இங்கே மதிப்பு வேறு.

புரட்டாதி நடுவில் முழுவதையும் தூவினேன். ஐப்பசி முதல் கிழமை ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் பட்டதும் நாற்றுகள் அவிச்ச கீரை மாதிரிக் கறுத்துச் சரிந்தன. அந்த அம்மாவுக்குச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

முதல் நாள் செய்தியில் மெல்பேர்ணுக்கு 5 பாகை என்றுதான் சொன்னார்கள். அது நகர நடுவில், ஒலிம்பிக் பார்க்கில் அளக்கிற கணக்கு. வெப்பமானியும் நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருக்கும். முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் அதைவிடச் சில பாகை கூடக் குளிரும். குளிர்காற்று பாரமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். என் பாத்தியோ வேலி ஓரப் பள்ளத்தில்!

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர். இங்கத்தைய கிழடுகள் தக்காளியை மெல்பேர்ண் கப் நாளுக்கு, அதாவது கார்த்திகை முதல் செவ்வாய்க்கு, வைக்கவேண்டும் என்பார்கள். "குதிரை ஓட்டத்துக்கும் தோட்டத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று எங்கட ஆக்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். அது அவர்களின் ஆடிப் பட்டம் என்று இப்போது விளங்குகிறது. முளைக்கீரைக்கும் அதையே பிடியுங்கள் என்பேன். சிட்னி ஹோம்புஷில் இருக்கிற மாமி புரட்டாதியிலேயே போட்டுப் பிடுங்குவா, அது அவவின் வளவு. அதே சிட்னியில் பென்றித், றிச்மண்ட் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி விழும். மாமியின் திகதி அங்கே சரிவராது.

அதுவரை பாத்தியை வெறுமையாக விடவும் தேவையில்லை. வெந்தயம், கொத்தமல்லி, ஸ்பினாச், சில்வர்பீற் எல்லாம் பங்குனி சித்திரையில் போட்டால் குளிரோடு வளரும். நாங்கள் கொத்தமல்லியை மார்கழி வெயிலில் போட்டுவிட்டு, பூத்துப் போச்சு, விதை சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவோம்.

அவசரம்தான் காரணம். கார்த்திகை வரை பொறு என்று ஆறு மாத விசாக்காரனிடம் சொல்வது சுகம், கேட்பது கஷ்டம். 2023 மாசியில் தற்காலிக பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட எனக்கு இன்னும் அதே பிரிட்ஜிங் விசாதான். ஆனாலும் இப்போது கப் நாள் வரை பொறுக்கிறேன். அப்போதும் பாதி விதையைத்தான் தூவுவேன், மற்றப் பாதி போத்தலுக்குள் இருக்கும்.

அந்த அம்மா பேசாமல் இன்னொரு கடதாசி விதை தந்தவ. போன சித்திரையில் என் பாத்தி விதையில் ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தா.

"இது என்ர கீரையெல்லோ?"