இழந்தவனும் எடுத்தவனும்

“‘நான்’ என்பதை அழி! உன்னை நீ இழ! முழுவதும் ஒப்படைத்துவிடு! பிறகு பார், உள்ளத்திலே ஊறும் பேரின்பத்தை!”

கேட்டுப் பழகிய குரல்தான் இது. தர்காவின் வாயிலிலே கேட்கிறது. புன்முறுவல் பூத்த புத்தர் சிலையின் முன்னாலும் கேட்கிறது. மொழி வேறு, உடை வேறு, ஊதுவத்தியின் மணமும் வேறு. ஒலிக்கும் பாடம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. இஸ்லாம், எல்லாம் வல்ல ஒருவனிடம் உன்னை ஒப்படை என்கிறது. அந்தச் சொல்லின் பொருளே ஒப்படைப்புத்தான். பௌத்தமோ, ஒப்படைப்பதற்கு ‘நீ’ என்றொரு நிலைப்பொருளே இல்லையே என்கிறது. ஒன்று ஆண்டவனைக் காட்டி ‘நானை’ அடக்குகிறது; மற்றொன்று ஆண்டவனைக் காட்டாமலேயே ‘நானை’க் கரைக்கிறது!

“செருக்கை விடு என்பதுதானே இதன் சாரம்? இதையுமா எதிர்க்க வேண்டும் பகுத்தறிவாளர்?” என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி, நேர்மையான பதிலுக்கு உரிய கேள்வி.

செருக்கு ஒழிவதை எவரும் எதிர்க்கவில்லை, தோழர்களே! தன்னலத்தைத் துறந்தவன்தான் தொண்டன். நாம் கேட்பது வேறொன்று, எளிய கணக்கு. ஒருவன் ஒரு பொருளை இழந்தான் என்றால், அதை எடுத்துக்கொண்டவன் எவன்? சந்தையிலே பணப்பையைப் பறிகொடுத்தவனைக் கண்டால் முதலில் இதைத்தானே கேட்போம்! தன்னையே பறிகொடுத்து நிற்பவனைக் கண்டால் மட்டும், கேள்வியை மறந்து கைகூப்பி நிற்பானேன்?

புத்தரிடமிருந்தே தொடங்குவோம்.

உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு - இந்த ஐந்து கந்தங்களின் கூட்டுத்தான் மனிதன். இவற்றைக் கடந்து அழியாத ஆன்மா என்று ஒன்று இல்லை. மணிமேகலை படித்த தமிழனுக்கு இது புதிய செய்தியன்று. எதற்காகச் சொன்னார் இதை அவர்? ‘எனது’ என்ற பற்றிலிருந்துதான் பகையும் பேராசையும் பிறக்கின்றன. ஆகவே வேரை வெட்டு என்றார். வெட்டச் சொன்னது பற்றை; அறிவை அன்று! கேசபுத்தம் என்னும் ஊரிலே காலாமர்கள் அவரைச் சூழ்ந்து, “வருகிறவர் எல்லாம் தம் கொள்கையே மெய் என்கின்றனர், எதை நம்புவது?” என்று வினவியபோது, அவர் தந்த பட்டியலைப் பாருங்கள். வழிவழி வந்தது என்பதற்காக ஏற்காதே. ஏட்டிலே இருக்கிறது என்பதற்காக ஏற்காதே என்று அடுக்கிக்கொண்டே போனவர், இவர் நம் குரு என்பதற்காகவும் ஏற்காதே என்றுதான் முடித்தார். மற்றோரிடத்தில், ததாகதனையே ஆராய்ந்து பார், அதன் பிறகு நம்பு என்று மாணவர்க்குச் சொன்னதாக மச்சிம நிகாயம் பேசுகிறது. சாகும் தறுவாயிலும் தமக்கென ஒரு வாரிசை அமர்த்த மறுத்தார். நான் போன பின் அறமே உங்கள் ஆசான் என்றார். தன்னிடம் சரணடைந்தவனின் அறிவை வாங்கி வைத்துக்கொள்ள மறுத்த மனிதர் அவர்!

அவர் பெயரால் பின்னாளில் நடந்தது என்ன? சப்பானுக்குச் செல்வோம்.

1904. உருசியாவுடன் சப்பான் போர் தொடங்குகிறது. தால்சுதாய், போரைக் கண்டிக்க உடன் வாருங்கள் என்று ஜென் துறவி ஷாக்கு சோயெனுக்கு மடல் விடுத்தார். யார் இந்தச் சோயென்? 1893-ல் சிகாகோ சமயப் பேரவையிலே பௌத்தத்தின் பெயரால் கலந்துகொண்டவர். கொல்லாமை பேசும் மதத்தின் குரு, கொலைக்களத்தை எதிர்க்க அழைத்த கிழவனின் கையைப் பற்றிக்கொண்டாரா? இல்லை! மறுத்துவிட்டார், படையோடு குருவாகப் போர்முனைக்கே சென்றார்.

ஒருவரின் தடுமாற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த தலைமுறையிலே இது ஒரு தத்துவமாகவே வளர்ந்தது. சுகிமோட்டோ கோரோ என்றொரு படைத்தலைவன், ஜென் பயின்றவன், 1937-ல் சீனப் போரிலே மாண்டவன். அவன் எழுதிவைத்தவை மறு ஆண்டு நூலாக வந்து, இளைஞர் கைகளிலே ஏராளமாகப் புழங்கின. நூலின் சாரம் இதுதான்: ‘நான்’ இல்லை என்று உணர்ந்தவன் மன்னனுக்காகச் சாவான், மன்னனுக்காகச் சாகத் துணிந்தவனே ‘நான்’ இல்லாதவன்! நுட்பத்தைப் பார்த்தீர்களா? புத்தர் காலிசெய்த இருக்கையிலே, பேரரசரைக் கொண்டுவந்து அமர்த்திவிட்டார்கள். ‘நான்’ இல்லாதவனுக்குக் கேள்வி ஏது? ‘நான்’ இல்லாதவனுக்குக் குற்ற உணர்வுதான் ஏது? வாள் வீசுகிறது, தலை உருளுகிறது; வீசியவன் என்று எவனும் இல்லையாம்! கொலைக்கு இதைவிட வசதியான தத்துவம் உண்டா?

அதே சப்பானில், அதே ஜென் மரபில், இன்னொரு துறவியும் இருந்தார். உச்சியாமா குடோ என்பது அவர் பெயர். ஹகோனே மலைப்பகுதியில் ஓர் ஏழைக் கோயிலின் குரு. வாரம் கொடுத்தே வற்றிப்போன குடியானவர்களைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது. 1908-ல், கோயிலுக்குள்ளேயே மறைத்து வைத்த அச்சுப்பொறியிலே ஒரு துண்டறிக்கை அச்சிட்டார். நீங்கள் ஏழைகளாக இருப்பது முன்வினையால் அன்று; பேரரசர், செல்வர், நிலக்கிழார் ஆகியோர் உங்கள் உழைப்பை உறிஞ்சுவதால்தான் என்று எழுதினார். புத்தரின் நேரிய மாணவர் எவர் என்று கேட்டால், சோயெனைக் காட்டுவீர்களா? இவரைத்தானே காட்டுவோம்!

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1909-ல் சிறை. 1910-ல் அவரது சோட்டோ பிரிவு அவரைத் துறவியர் வரிசையிலிருந்தே நீக்கியது. 1911 சனவரி 24-ஆம் நாள் தூக்குமேடை! ‘நானை’ விட்டவனைப் போற்றுவோம் என்ற மடம், தன் உயிரையே ஏழைக்காக விட்டவனைக் கைகழுவிற்று. 1992-ல்தான் அந்தப் பிரிவு, ஏகாதிபத்தியப் போருக்குத் தான் துணைபோனதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 1993-ல் குடோவுக்குத் துறவி நிலையைத் திரும்பத் தந்தது. தூக்குக்கயிறு இறுகி எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்! மன்னிப்புக் கேட்கும் மனம் வாழ்க. ஆனால், எண்பத்திரண்டு ஆண்டுகள் அந்த மனம் யாரிடம் அடகு இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இனி இஸ்லாத்தைப் பார்ப்போம்.

ஒருவனுக்கு மட்டுமே தலைவணங்கு என்ற கட்டளையிலே ஒரு வீரமும் ஒளிந்திருக்கிறது: வேறு எவனுக்கும் வணங்காதே என்பதே அதன் மறுபக்கம்! 632-ல் முதல் கலீபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்கர், நேர்வழி நடந்தால் துணைநில்லுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று மக்களை நோக்கிச் சொன்னார் என்கிறது வரலாறு. ஆண்டவனிடம் ஒப்படைத்த மனிதன், ஆள்பவனிடம் நிமிர்ந்து நிற்கலாம் என்பதன்றோ இதன் பொருள்?

நிமிர்ந்த முதுகு ஆள்பவர்க்கு ஆகுமா? 661 முதல் 750 வரை ஆண்ட உமையா மரபினரின் காலத்திலே ஒரு புது விளக்கம் வலுப்பெற்றது. நடப்பதெல்லாம் இறைவன் விதித்தது. எங்கள் ஆட்சியும் அவன் விதித்ததே. ஆகவே எங்களை எதிர்ப்பது அவனையே எதிர்ப்பது! ‘அவனிடம் ஒப்படை’ என்ற சொல், ஓசையின்றி ‘எங்களிடம் ஒப்படை’ என்று மாறிற்று. மறுத்துப் பேசினார் மஅபத் அல் ஜுஹனி; மனிதன் செயலுக்கு மனிதனே பொறுப்பு என்றார்; ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியிலும் சேர்ந்தார். கொன்றார்கள். அவருக்குப் பின் கைலான் அதையே பேசினார். கலீபா ஹிஷாம் காலத்திலே அவரையும் கொன்றார்கள். கொல்லப்பட்ட இருவரும் இறைவனை மறுத்தவர்கள் அல்லர். கொடுமைக்கு இறைவனைப் பொறுப்பாளி ஆக்காதே என்றவர்கள். அதுதான் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை!

சூஃபிகள் அரண்மனையை விட்டு விலகியே தொடங்கினர். ‘ஃபனா’ என்றனர், தான் என்பது இறைவனுள் அழிந்துபோதல். அந்த அழிவின் உச்சியிலே நின்று, “நானே மெய்ப்பொருள்” என்றார் மன்சூர் அல் ஹல்லாஜ். ஆண்டுக்கணக்கில் சிறையிலே வைத்து, 922-ல் பக்தாது நகரிலே அவரைச் சித்திரவதை செய்து கொன்றனர். வேடிக்கையைக் கவனியுங்கள்! தன்னை முற்றும் இழந்தவன் ஊருக்கு அடங்கியவனாக அல்லவா இருக்க வேண்டும்? இவரோ, அரசும் அறங்கூறுவோரும் அஞ்சும் ஆளாகிவிட்டார். தன்னை இழந்தும், இடையிலே நின்ற எவனிடமும் ஒப்படைக்காதவரை அதிகாரம் மன்னிப்பதில்லை.

பிறகு தரகர் வந்தனர். ‘கழுவுகிறவன் கையிலே கிடக்கும் பிணம்போல் இரு’ என்பது சூஃபி மரபின் பழைய உவமை. தொடக்கத்திலே அது மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான நிலையைச் சொன்னது. காலப்போக்கில் கழுவும் கை பீரின் கையாயிற்று. பிணம் முரீது ஆயிற்று. பீர் என்றால் குரு. முரீது என்றால் சீடன். இறைவனுக்கு நிலம் வேண்டாம், நெல் வேண்டாம், வாக்குச்சீட்டும் வேண்டாம். பீருக்கோ மூன்றும் வேண்டும்! சிந்துவிலும் பஞ்சாபிலும் பாருங்கள். ஞானம், தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல் இறங்கியது. பீர் குடும்பங்கள் பெருநிலக்கிழார் ஆயின; வெள்ளையர் ஆட்சி அவர்களுக்கு நிலமும் பட்டமும் தந்து தட்டிக்கொடுத்தது. சீடன் உழுதான்; குரு அறுத்தார்! 1946 பஞ்சாப் தேர்தலிலே, வாக்கை இவர்க்கே போடு என்று பீர்கள் முரீதுகளுக்கு அறிக்கை விடுத்தனர். 1959-ல் பாக்கிஸ்தானின் அயூப்கான் ஆட்சி, தர்காச் சொத்துகளை அரசின் பொறுப்பிலே கொணரச் சட்டம் இயற்றியது. ஆன்மாவைக் காக்கும் இடத்திலே அரசு கணக்குக் கேட்கும் அளவுக்குச் சொத்து சேர்ந்தது எப்படி? பிணத்திடமிருந்து எடுத்ததுதான்! பிணம் கணக்குக் கேட்காதல்லவா?

இதை வெளியாள் மட்டும் சொல்லவில்லை. முகமது இக்பால் 1915-ல் ‘அஸ்ராரே குதி’ என்னும் நூலை வெளியிட்டார். ‘தன்மையின் மறைபொருள்’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். ‘தன்னை அழி’ என்ற போதனைதான் சமுதாயத்தின் முதுகெலும்பை முறித்தது. தன்னை அழிக்காதே, உறுதியாக்கு என்பது அவர் வாதம். சூஃபி வட்டாரத்திலே சீற்றம் எழுந்தது. இக்பால் நாத்திகரல்லர்; ஆழ்ந்த நம்பிக்கையாளர். ஆனால் அவர் கண்ட இறைவனுக்கு, குனிந்த பிணங்கள் தேவைப்படவில்லை.

“இத்தனையும் போலிகளின் கதை, உண்மையான ஒப்படைப்பின் சுவை உனக்குத் தெரியாது” என்பர் அன்பர்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சுவை இருக்கலாம். பஸ்ராவின் ராபியாவை எண்ணிப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பெண். அடிமையாக இருந்து விடுபட்டவர் என்று மரபு கூறும். சொர்க்கத்தின் ஆசைக்காகவும் வேண்டாம், நரகத்தின் அச்சத்துக்காகவும் வேண்டாம், அன்புக்காகவே அன்பு என்றவர். அவர் நம்பியதை நான் நம்பவில்லை. ஆயினும் அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஏன்? ஆசையும் இல்லாதவரை எவனாலும் விலைக்கு வாங்க முடியாது. அச்சமும் இல்லாதவரை எவனாலும் விரட்டி வேலை வாங்க முடியாது. தன்னை இழந்தும் எவனுக்கும் சொத்தாகாதவர் அவர்.

ஆனால் அன்பர்களே, ஆயிரம் ஆண்டுக்கொரு ராபியாவைக் காட்டி, அன்றாடம் ஆயிரம் முரீதுகளைப் பிணமாக்குவது எந்த நியாயம்? ஒரு குடோவைத் தூக்கிலேற்ற விட்டு, ஓராயிரம் சுகிமோட்டோக்களுக்கு வாள் தீட்டிக் கொடுத்தது எந்தத் தவம்? போலி எது, மெய் எது என்று பிரித்தறிய ஒரு கருவி வேண்டுமே! அந்தக் கருவிக்குத்தான் அறிவு என்று பெயர். அதையும் சேர்த்து ஒப்படை என்கிறீர்களே! ஒப்படைத்த பிறகு, போலியைக் கண்டுகொள்வது எதைக்கொண்டு?

தோழர்களே! அடக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு. செருக்கை விட்டவன் பிறர் துன்பத்தைக் காண்கிறான். அறிவை விட்டவன் பிறர் ஆணையை மட்டுமே காண்கிறான். முன்னவன் குடோ ஆவான். பின்னவன் எவன் கையிலோ வாள் ஆவான். எனவே, ‘உன்னை ஒப்படை’ என்று எவர் வந்து கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாங்கிக்கொள்பவர் யார்? வாங்கியதை வைத்து அவர் என்ன செய்கிறார்? தவறு கண்டால் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

காவியைக் கண்டால் மட்டும் கேட்டால் போதாது; பச்சையைக் கண்டால் மட்டும் கேட்டாலும் போதாது. தலைவன் பெயரால், கட்சியின் பெயரால், இனத்தின் பெயரால், பகுத்தறிவின் பெயராலேயே ஒருவன் வந்து, ‘சிந்திக்கும் வேலையை என்னிடம் விட்டுவிடு’ என்றாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இவர் நம் குரு என்பதற்காக ஏற்காதே என்ற சொல்லுக்கு, நம் மேடையிலே மட்டும் விலக்கு உண்டா என்ன?

எதை வேண்டுமானாலும் கொடுங்கள். பொருளைக் கொடுங்கள், உழைப்பைக் கொடுங்கள், தேவையெனில் உயிரையும் கொடுங்கள். கொடுப்பது சரியா என்று தீர்மானிக்கும் அந்த ஒன்றை மட்டும், எவர் கேட்டாலும், எத்தனை இனிமையாகக் கேட்டாலும், கொடுத்துவிடாதீர்கள்!