கேள்வி கேட்கும் வகுப்பறைக்கு ஒரு சுற்றறிக்கை

புதுக்கோட்டை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,



திருமயம் வட்டாரத்தின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாதிரி வேட்பாளர் விவாதம் நடத்த நீங்கள் எழுத்துப்பூர்வமாக அனுமதி தரவேண்டும். வகுப்பில் நாலைந்து பேர் வேட்பாளர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், கடைசியில் ரகசியமாக வாக்களிப்பார்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். வாய்மொழி அனுமதி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது.

ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. நியாயமான விதி. ஆனால் அந்த விதியின் மேல் உள்ள பயம் பாடவேளைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பேசியதை ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லி, அது ஊருக்குள் வேறு மாதிரி பரவி, விளக்கம் கேட்டு மெமோ வந்தால் யார் துணைக்கு வருவார்கள்? அதனால் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் என்று ஒரு பாடமே இருந்தும், அது கோடிட்ட இடத்தை நிரப்புவதிலும் ஐந்து மதிப்பெண் வினாவிலும் முடிந்துபோகிறது.

அதே ஆசிரியரைத்தான் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அனுப்புகிறோம். விடியற்காலையில் முகவர்களின் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார், இயந்திரத்துக்குச் சீல் வைக்கிறார், மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார். பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைதான் அந்தச் சாவடி. ஒரு தேர்தலையே நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர், அதே போன்ற ஓர் அறையில் தம் பிள்ளைகளுக்குத் தேர்தலைச் செய்து காட்ட மட்டும் எப்படித் தகாதவர் ஆவார்?

திருமயத்துக்காரர்களுக்கு இதைக் கேட்கக் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1887 ஆகஸ்ட் 19 அன்று இந்த ஊரில் பிறந்தவர் சத்தியமூர்த்தி. காமராஜரின் அரசியல் குரு, 1939இல் சென்னை மேயர், பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டிக்காக மனப்பாடம். டெல்லியில் மத்திய சட்டசபையில் அவர் செய்த வேலையைத்தான் நாம் சொல்லித் தருவதில்லை. அவர் கேள்வி நேரத்தின் மன்னர். ஒரு கேள்வி கேட்பார். அதிகாரி எழுதிவைத்த பதிலை வாசித்து முடித்ததும், அந்தப் பதிலுக்குள்ளிருந்தே துணைக் கேள்வி, அதன் மேல் இன்னொன்று என்று விடாமல் தொடுப்பார். வெள்ளை அரசின் உறுப்பினர்கள் அஞ்சியது அந்தத் துணைக் கேள்விகளுக்குத்தான். எழுதிவைத்துக்கொண்டு வந்து கேட்கிற காரியமல்ல அது. எதிராளி சொல்வதைக் கடைசிச் சொல்வரை காது கொடுத்துக் கேட்டவனால் மட்டுமே முடியும்.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் முத்துலட்சுமி ரெட்டி, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். இருவருமே புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். அந்த இருவரும் 1920களின் பிற்பகுதியில் சென்னை சட்டசபையில் எதிரெதிரே நின்றார்கள். சபையின் துணைத் தலைவராக இருந்த முத்துலட்சுமி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் போராடினார். சத்தியமூர்த்தி எதிர்த்தார். நாவன்மையில் சத்தியமூர்த்தியை மிஞ்ச அந்நாளில் ஆளில்லை. நியாயம் முத்துலட்சுமியின் பக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை முழுதாகத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரரைக் குறைத்துக் காட்ட இதை நான் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குள்ள மரியாதை குறையவும் இல்லை. சத்தியமூர்த்தி பிறந்த ஊரின் பிள்ளைகள் அவருடைய அந்த வாதத்தை எடுத்துவைத்து, எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வளரவேண்டும் என்பதே என் ஆசை. நன்றாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும்? நம் பேச்சுப்போட்டிகளில் முடியாது. அங்கே பரிசு குரலுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் போகிறது. பட்டிமன்றமும் போதாது. பக்கத்திலுள்ள காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய மண் இது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அங்கே நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வேட்பாளர் விவாதத்தில் தீர்ப்பு எழுதவேண்டியவர்களே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

எப்படி நடத்துவது என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். யார் வேட்பாளர் என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிற மாதிரி குடத்தில் ஓலைபோட்டு எடுக்கட்டும். உண்மையான கட்சி, கொடி, சின்னம், தலைவர் பெயர் எதுவும் வேண்டாம். ஆனால் தொகுதி உண்மையாக இருக்கவேண்டும், திருமயமாகவே இருக்கவேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. அதற்குள் என்ன செய்வாய், எதை விடுவாய் என்று முதல் கேள்வி வரட்டும். கோட்டையைச் சீர்ப்படுத்துவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கையில் அல்லவா இருக்கிறது, உன் அதிகாரம் என்ன என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்கட்டும். நம் ஊர்க் கண்மாய் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா? 2013இல் திறந்த பெல் ஆலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கேட்டு யாரிடம் போவாய்? 2021இல் நம் மாவட்டத்தின் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் எந்த ஊர் வழியாகப் போகிறது, நிலம் கொடுக்கிறவருக்கு என்ன பதில்? தைலமரக் காடுகள் வேண்டுமா, வேண்டாமா? இவற்றுக்கு விடை தேடப் பிள்ளைகள் தாலுகா அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் போய் நிற்கவேண்டி வரும். பாடத்தில் பாதி அங்கேயே நடந்துவிடும்.

நேரத்தில் பாதி கேள்விகளுக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துணைக் கேள்வி கட்டாயம். மறுவாரம் வேட்பாளர்கள் இடம் மாறி, எதிர்த்துப் பேசியவரின் வாக்குறுதியைத் தாங்கள் காத்துப் பேசவேண்டும். அதற்குப் பிறகு வாக்குப்பதிவு, நோட்டாவும் சேர்த்து.

உங்கள் மனதில் இருக்கும் பெரிய தயக்கம் எனக்குத் தெரியும். வாக்கு என்று வந்தால் சாதியாகப் பிரிந்துவிடுவார்களே. அந்தப் பயம் பொய்யல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த மாவட்டம் இது. ஆனால் நாம் பேசாமல் இருந்தால் பிள்ளைகளிடம் சாதி வராமல் போய்விடுகிறதா? அது தெருவில், திருவிழாவில், அலைபேசியில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. காரணம் சொல்லி வாக்கு கேட்கவேண்டிய ஓர் இடம்தான் அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. குடத்தில் எடுத்த சீட்டு நிறுத்திய வேட்பாளர், அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் போகப்போகிறவர், அவர் பின்னால் சாதியாகத் திரள்வது கடினம். அப்படியும் திரண்டால் ஆசிரியர் அதைக் கண்ணால் பார்ப்பார், அன்றே பேசுவார். வேங்கைவயலுக்கு உன் பதில் என்ன என்று ஒரு மாணவர் ஒரு வேட்பாளரைக் கேட்டால் தடுக்கவேண்டாம் என்று நீங்களே எழுதுங்கள்.

பெண் பிள்ளைகளை நினைத்தும் இதைக் கேட்கிறேன். 2016 முதல் தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 21 வயதில் வார்டு உறுப்பினராக நிற்கலாம். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிற பெண்ணுக்கு அதற்கு ஆறு ஆண்டுகள்கூட இல்லை. 1991, 92இல் அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள் உட்பட, எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். அவர்களுடைய பேத்திகள் இப்போது நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கின் முன் நின்று, குறுக்குக் கேள்விக்குக் குரல் நடுங்காமல் பதில் சொல்லும் பழக்கத்தை அவர்கள் வகுப்பறையில் பழகாவிட்டால், ஊராட்சி மன்றத்தில் அவர்கள் பெயரில் வேறு யாரோ பேசுவார்கள்.

ஏற்கெனவே உள்ள திட்டங்களை நான் மறக்கவில்லை. இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கியது. 2018இல் தேர்தல் ஆணையம் பள்ளிகளில் தேர்தல் கல்வி மன்றங்களை அமைக்கச் சொன்னது. 2024இல் நம் அரசுப் பள்ளிகளுக்கு மகிழ் முற்றம் வந்தது. அதன்படி குறிஞ்சி, முல்லை என்று பிள்ளைகள் ஏற்கெனவே குழுக்களாக இருக்கிறார்கள். புதிதாகக் குழு அமைக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். வாக்களிப்பது கடமை என்று உறுதிமொழி எடுப்பார்கள், ரங்கோலி போடுவார்கள். யாருக்கு, எதைக் கேட்டுவிட்டு வாக்களிப்பது என்ற இடத்தில் நின்றுவிடுகிறோம். 17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று 2022இலேயே ஆணையம் சொல்லிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிற பலர் இன்றைக்கே விண்ணப்பிக்கத் தகுதியானவர்கள்.

உங்கள் சுற்றறிக்கையில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும். இது பாடத்திட்டத்தின் பகுதி, நடத்தை விதி மீறல் ஆகாது. உண்மைக் கட்சிகளின் பெயரும் சின்னமும் கூடாது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் உள்ள நாட்களில் நடத்தவேண்டாம். விவாதத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விக்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேட்கப்படாது. நான்காவதுதான் மிக முக்கியம். அதை மட்டும் யாரும் திருத்த விடாதீர்கள்.

முதல் விவாதத்தை ஆகஸ்ட் 19இல் திருமயத்தில் வைக்கலாம் என்பது என் யோசனை. அன்று நீங்கள் வந்தால் மாலை, பொன்னாடை, சிறப்புரை எதுவும் இல்லாமல் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துறை சம்பந்தமான கேள்வி ஏதேனும் வந்தால் குறித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அந்த வகுப்புக்கே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருமயத்திலிருந்து ஒரு பெற்றோர்