நூறு கட்டங்கள் போதும்

0.4 பெரியதா, 0.35 பெரியதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் 0.35 என்பார்கள். நாலைவிட முப்பத்தைந்து பெரியதுதானே? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். அது அரையைவிடக் குறைவு. கூட்டினால் எப்படிக் குறையும் என்ற சந்தேகமே வருவதில்லை. பிள்ளைகள் மக்கு அல்ல. நாம் எண்களைக் கொடுத்தோம், அளவைக் காட்டவில்லை.

காட்டுவதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு தாளில் பத்துக்குப் பத்து, நூறு கட்டங்கள் போடுங்கள். கிளியோ, வீடோ, கோலமோ பிள்ளை இஷ்டப்படி வரையட்டும். ஒரே நிபந்தனை: ஒரு கட்டத்துக்கு ஒரு வண்ணம்தான். முடிந்ததும் எண்ணச் சொல்லுங்கள். பச்சை 40, மஞ்சள் 35, சிவப்பு 25 என்று வைத்துக்கொள்வோம். பச்சை, நூறில் நாற்பது, 0.40; 40 சதவீதம். ஒரே பரப்புக்கு மூன்று பெயர்கள். பச்சைக் கட்டங்களைச் சேர்த்து அடுக்கினால் நாலு முழு வரிசை. மஞ்சளுக்கு மூன்றரை வரிசைதான். 0.4, 0.35 சண்டை அங்கேயே தீர்ந்தது.

அரையும் மூன்றில் ஒன்றுமா? 12 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை எடுங்கள். அரை என்றால் 6, மூன்றில் ஒன்று என்றால் 4. ஆகப் பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து. பொதுப் பகுதி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதே இல்லை.

இது புதுமோகம் அல்ல. காகிதம் மடித்தே வடிவகணிதம் பழகும் புத்தகத்தை டி. சுந்தர ராவ் சென்னையில் வெளியிட்டது 1893ல். ஒரு தாளை மடித்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பழைய தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். பதினாறு அணா ரூபாயில் ஓர் அணா என்பது வீசம்தான். 1957 ஏப்ரல் 1ல் ரூபாய் நூறு காசானது. தாத்தாவின் ரூபாய் மடிப்புக் கணக்கு. நம்முடையது கட்டக் கணக்கு.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். நியாயமே. வண்ணம் தீட்டியதோடு விட்டால் அது ஓவிய வகுப்பாகிவிடும் என்பதும் உண்மை. எண்ணி, மூன்று விதமாகவும் எழுதினால்தான் கணக்கு. ஆனால் இதற்கு இரண்டு பீரியட் போதும். புரியாத விதியை வருடா வருடம் திரும்ப நடத்துவதற்கு ஆகும் நேரத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

பிள்ளை தேர்வில் இழப்பது மதிப்பெண். பெரியவர்கள் இழப்பது பணம். '50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேலும் 20' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு 70 என்கிறது. கட்டத்தில் 50ஐ அடியுங்கள். மீதி 50ல் ஐந்தில் ஒரு பங்கு 10. மொத்தம் 60தான். 'மூன்று வட்டி'க்குக் கடன் வாங்குகிறவருக்கு மூன்று சின்ன எண்ணாகத் தெரிகிறது. அது மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, வருடத்துக்கு 36. நூறு கட்டங்களில் 36ஐச் சிவப்பாக்கிப் பார்த்த பிள்ளை, நாளை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடமாவது யோசிக்கும்.